தாய்மாமன் இல்லாத சபை

செப்டம்பர் 6, சனி

ஒருவழியாக வந்து சேர்ந்தாயிற்று. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மகள் கோமதிதான் கார் ஓட்டினாள். வழி நெடுகக் காய்ந்த புல், அறுத்துப் போட்ட சோளத்தட்டை. இதற்கு நம் கயத்தாறு பொட்டலே பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மலை வந்துவிட்டது. கோல்டன் கேட் தேசியப் பூங்கா என்று பலகை. சாயங்கால வெயில் பட்டதும் பாறை முழுக்க மஞ்சள் அரைத்துப் பூசியது போல ஆகிவிட்டது. வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு வந்தேன். நன்றாயிருக்கிறது என்று சொன்னால் அதையே பாதி சம்மதமாக எடுத்துக்கொள்வாள், கள்ளி.

எதற்கு வந்தேன் என்பதை எழுதி வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் மனசு இளகிவிடும். இந்தக் கல்யாணத்தை நிறுத்த வந்திருக்கிறேன். கழுகு ஆராய்ச்சி என்று இங்கே வந்தவள், இதே பூங்காவில் வழிகாட்டியாக இருக்கும் துமேலோ என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். பசோத்தோ என்கிற இனமாம். மலைக்கு அந்தப் பக்கம் லெசோத்தோ என்று அவர்களுக்கு ஒரு நாடே இருக்கிறதாம். இருக்கட்டும், நமக்கென்ன?

"நீ வந்து பாரும்மா. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன்னா நான் கட்டிக்கிட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். சொன்ன சொல் மாறமாட்டாள், அப்படியே அவள் அப்பா. அந்த வாக்கை நம்பித்தான் டிக்கெட் எடுத்தேன்.

குளிர் எலும்பைத் தொடுகிறது. சேலைக்கு மேல் அவளுடைய ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. கண்ணாடியில் பார்த்தால் நானே எனக்குப் பயப்படுவேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பையன் வீட்டுக்குப் போனோம். பூங்காவிலிருந்து கொஞ்ச தூரம், குவாகுவா என்ற மலையடிவாரம். வீட்டுக்கு வீடு பீச் மரம், இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது. பழைய சமையல்கட்டுச் சுவரில் பல நிற மண்ணைக் குழைத்து விரலாலேயே கோடு கோடாக இழுத்திருக்கிறார்கள். நாம் தரையில் போடுகிற கோலத்தை இவர்கள் சுவரில் ஏற்றிவிட்டார்கள்.

பையனின் அம்மா பாலர் பள்ளி நடத்துகிறவள். பெயர் மா-துமேலோ. துமேலோவின் அம்மா என்று அர்த்தமாம். எங்கள் தெருவில் என்னைக் 'கோமதி அம்மா' என்பது போலத்தான். வாசலிலேயே இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சிரித்தால் தகரக் கூரை அதிருகிறது. முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து கற்ற என் இங்கிலீஷ், அவளுடைய இங்கிலீஷோடு இடித்துக்கொள்ளாமல் ஓடியது.

அப்புறம் சாப்பாடு வந்தது. மக்காச்சோள மாவில் வெள்ளைக் களி, கடைந்த கீரை, சட்டியிலேயே வேகவைத்த ரொட்டி, கோழிக்குழம்பு. ஆவி பறக்கிறது. காலையில் நான் சாப்பிட்டது ஒரே ஒரு வாழைப்பழம். ஆனால் சம்பந்தம் பேசி முடிக்காத வீட்டில் கை நனைக்கலாமா? நனைத்தால் சரி என்று சொன்னதாக ஆகிவிடும். "வேண்டாம், வயிறு சரியில்லை" என்றேன். அந்த நேரம் பார்த்து வயிறு 'கடமுடா'வென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது.

கோமதி முகம் சிவந்து, "அம்மா, ஒரு வாய் சாப்பிடு. அவங்க என்ன நெனப்பாங்க?" என்றாள்.

"நெனைக்கட்டும்ட்டி. நான் என்ன விருந்துக்கா வந்திருக்கேன்?"

என்ன பேசுகிறோம் என்று மா-துமேலோ கேட்டாள். கோமதி தயங்கித் தயங்கி, எங்கள் ஊர் வழக்கம் இது என்று சொன்னாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவளோ தொடையில் தட்டிக்கொண்டு எழுந்து, எல்லாத் தட்டையும் தானே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "எங்களிடமும் அப்படித்தான். பேச்சு முடியும்வரை பெண்வீட்டில் தண்ணீர்கூட குடிக்கமாட்டோம். கோமதி, ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்று என் மகளைத்தான் கடிந்துகொண்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

பையனைப் பார்க்கவே முடியவில்லை. பேச்சு முடிகிறவரை அவன் பெண்ணின் அம்மா கண்ணில் படக்கூடாதாம். கிளம்பும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு பெரிய பூட்ஸ் தெரிந்தது. ஆறடி ஆள் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்! வீட்டுக்கு வந்து நாலு தோசை தின்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் வாசல் திண்டில் விறகு, ஒரே அளவாகப் பிளந்து அடுக்கியிருக்கிறது. யார் வைத்தது என்று கேட்டால் கோமதி உதட்டைப் பிதுக்குகிறாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மகள் வேலை பார்க்கும் லட்சணத்தைப் பார்க்கப் போனேன். மலைச்சரிவில் ஒரு மறைவுக் குடிசை. எதிரே செத்த மாட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கழுகுகள் வந்து தின்கின்றன, இவள் எண்ணி எழுதுகிறாள். கழுகுக்குப் பந்தி போடவா உன்னைப் படிக்கவைத்தேன் என்று கேட்டேன்.

"எல்லாம் தின்னு முடிச்சபிறகு ஒண்ணு வரும்மா. தாடிக்கழுகு. அதுக்கு எலும்புதான் சாப்பாடு. உலகத்துல கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். வந்தது. கழுத்தெல்லாம் துருப்பிடித்த சிவப்பு, விரித்த இறக்கை எங்கள் வீட்டு வாசல்கதவு உயரம். ஒரு எலும்பைத் தூக்கிக்கொண்டு மேலே போய்ப் பாறையில் போட்டு உடைத்தது. கோமதி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் குற்றாலத்தில் மெயினருவியைப் பார்த்ததும் இப்படித்தான் பிடிப்பாள். இவள் இந்த மலையை விட்டு வரமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த தேன்குழலில் ஒரு டப்பா நிறைய எடுத்து, ராத்திரி திண்டில் விறகுக்குப் பக்கத்தில் வைத்தேன். இங்கே பபூன் குரங்குகள் அதிகம், பாவம், அதுகளுக்கு என்றுதான்.

செப்டம்பர் 10, புதன்

டப்பா காலி. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறது. இந்த ஊர்க் குரங்குகள் சுத்தமானவை.

இன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பத்து மணி சுமாருக்கு எங்கள் வேலிக்கு வெளியே மூன்று ஆண்கள் வந்து நின்றார்கள். நடுவில் நிற்பவர் பெரியவர். கனத்த கம்பளி, கழுத்தருகே பெரிய ஊக்கு, தலையில் கூம்பு வைத்த புல் தொப்பி. கூப்பிடவில்லை, தட்டவில்லை, சும்மா நிற்கிறார்கள்.

"பெண் கேட்டு வந்திருக்காங்கம்மா. அதுல பெரியவரு துமேலோவோட தாய்மாமன். மொலேஃபின்னு பேரு. மொறைப்படி பெண்வீட்டுக்கு அவங்கதான் வரணும். ஞாயித்துக்கிழமை நாம போனதே தப்பாம். நாம கூப்பிடுத வரைக்கும் உள்ள வரமாட்டாங்க."

"வாடகை வீடு, இது பெண்வீடா? நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். காற்று ஊளையிட்டது. பெரியவர் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எழுபது வயது இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை பெரியவர்களை உட்காரச் சொல்லியிருக்கிறேன்? பொறுக்கவில்லை. போய்க் கூப்பிட்டேன்.

வெளியே எதிரெதிராக இரண்டு பெஞ்சு. வீட்டுச் சுவரையொட்டி நாங்கள், எதிரில் அவர்கள். தண்ணீர்கூட வேண்டாமென்றார்கள். மொலேஃபி மெதுவாக, அழுத்தமாகப் பேசினார், கோமதி தமிழில் சொன்னாள். உங்கள் வீட்டில் ஒரு பெண் இருப்பதாகக் கேள்விப்பட்டோம் என்று ஆரம்பித்தார். பெண் அவர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள்! நம் ஊரில் பரிசம் போட வருகிறவர்களும் இப்படித்தான் சுற்றி வளைத்துப் பேசுவார்கள். இங்கே மாப்பிள்ளை வீடுதான் மாடு கொடுக்கவேண்டுமாம். பரவாயில்லை, அதிலாவது ஒழுங்கு இருக்கிறது.

பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பெண்ணின் தாய்மாமன் எங்கே?" என்று கேட்டார்.

கோமதி என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருக்கும் என் அண்ணன் உலகநாதன் எங்களோடு பேசி மூன்று வருஷமாகிறது. தன் மகனுக்குக் கோமதியைக் கேட்டான், இவள் மாட்டேனென்றுவிட்டாள். மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிப் பேரனும் பிறந்தாயிற்று. அண்ணன் கோபம் மட்டும் இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் காதில் விழுந்ததும், எங்கள் வாசல்படி மிதிப்பதில்லையென்று ஊர் நடுவில் சொல்லிவிட்டான்.

"வரமாட்டார்" என்றேன்.

மொலேஃபி எழுந்தார். தாய்மாமன் இல்லாத சபையில் பெண் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை என்றார். கோபமில்லை, குரலை உயர்த்தவில்லை. மூவரும் தலைகுனிந்து கும்பிடு போலச் செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

என் வாயால் வேண்டாமென்று சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. அவர்கள் வழக்கமே முடித்துவைத்துவிட்டது. ஒழிந்தது சனியன்.

செப்டம்பர் 11, வியாழன்

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். காப்பி மட்டும் வாய்க்கு விளங்கவில்லை.

கோமதி அழவில்லை, சண்டை போடவில்லை. சீருடை மாட்டிக்கொண்டு கழுகுக்குச் சோறு போடக் கிளம்பினாள். "நீ வேண்டாம்னு சொன்னா வேண்டாம்னுதான சொன்னேன். அப்புறம் என்னம்மா?" என்றாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவள் அப்பாவும் இப்படித்தான், வலியைக் கடைசிவரை சொல்லாமலேயே போய்ச் சேர்ந்தார்.

இன்றும் விறகு இருந்தது. கல்யாணம் இல்லையென்று ஆன பிறகும் எதற்கு விறகு? இந்தப் பையனுக்கு ஒன்றும் விளங்காது போல.

மத்தியானம் மா-துமேலோ தனியாக வந்தாள். சபை பேச வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரி போல வந்திருக்கிறேன் என்றாள். இருவரும் வெயிலில் பாறைமேல் உட்கார்ந்தோம். கீழே வரிக்குதிரைகள் ஆடுமாடு மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணனுக்கு என்ன கோபம் என்று கேட்டாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். மாமன் மகனுக்குக் கட்டுவது எங்களில் வழக்கம் என்று சொன்னால் சென்னையிலேயே முகம் சுளிக்கிறார்கள். ஆனது ஆகட்டுமென்று சொல்லிவிட்டேன்.

அவள் சுளிக்கவில்லை. "அவர் மகனுக்கு உரியவள்தானே? எங்களிலும் உண்டு. சொந்தத்துக்குள்ளே கட்டினால் கொடுத்த மாடு நம் தொழுவத்துக்கே திரும்பி வரும் என்பார்கள். அப்படியானால் அவர் கோபம் சரியான கோபம். அவரிடம் யார் கேட்டார்கள்?"

"எதைக் கேட்க?"

"உங்களுக்குரிய பெண்ணை வெளியே கொடுக்கலாமா என்று. அதை நீங்கள் கேட்க முடியாது, நீங்கள் தங்கை. எடுக்க வருகிறவர்கள்தான் கேட்க வேண்டும். அது எங்கள் வேலை."

"போனை எடுக்கவே மாட்டான். கல்லுளிமங்கன்."

"என் அண்ணனும் அப்படித்தான்" என்று சிரித்தாள். பிறகு சட்டென்று என்னைப் பார்த்து, "உங்களுக்கு என் மகனைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வரவில்லை. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் விறகும் பூட்ஸும்தானே. பிடிக்காமல் போக அதில் என்ன இருக்கிறது? நிறம், சாதி என்று ஊர் பேசும். பேசட்டும், நானும் ஒன்றும் பால் வெள்ளை இல்லை. எனக்கு உள்ள பயம் வேறு. அதை யாரிடமும் சொன்னதில்லை, இவளிடம் எப்படியோ வந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஒருநாள் சண்டை வரும். வராத வீடு எது? அன்றைக்கு என் மகள் கோபித்துக்கொண்டு எங்கே போவாள்? எங்கள் ஊரில் என்றால் அடுத்த தெருவில் மாமன் வீடு. 'எம் பிள்ளைய ஏம்லே அழவச்ச' என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்ப ஒரு ஆள். இங்கே மலையும் கழுகும்தான். எல்லாரும் உங்கள் பக்கத்து ஆட்கள் என்றேன்.

 மா-துமேலோ தான் போர்த்தியிருந்த கம்பளியில் பாதியை என் தோளில் போட்டாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

அண்ணனுக்கு என் போனிலிருந்து கூப்பிட்டேன். கட் பண்ணிவிட்டான். திமிர் பிடித்தவன்.

செப்டம்பர் 13, சனி

மறக்கும் முன் எழுதிவிட வேண்டும்.

காலையில் மறுபடியும் மொலேஃபி, கூட இரண்டு பேர், மா-துமேலோவும். வேலிக்கு வெளியே நின்றார்கள். இந்த முறை ஓடிப்போய்க் கூப்பிட்டேன். பெரியவர் உட்கார மறுத்துவிட்டார். உட்காரச் சொல்ல வேண்டியவர் இன்னும் சொல்லவில்லை என்றார்.

கோமதியின் போனில் வீடியோவாகவே போட்டோம். புது நம்பர், யாரோ என்று எடுத்துவிட்டான். கடையில் உரமூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். முன்தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்குத் தெரியாமலே எப்போது நரைத்தான்?

"அண்ணே, நாந்தாம் ஆவுட. வச்சிராத. இங்க ஒரு பெரியவரு உன்கிட்ட ஒரு வார்த்த பேசணும்னு நிக்காரு."

"எவன்கிட்டயும் எனக்குப் பேச்சு இல்ல" என்றான். ஆனால் வைக்கவில்லை.

மொலேஃபி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் பேசுவதைக் கல்யாணப் பெண்ணே தன் மாமனுக்கு எடுத்துச் சொல்வது முறையில்லையாம். அதனால் மா-துமேலோ அதை இங்கிலீஷில் சொன்னாள், நான் தமிழில் அண்ணனுக்குச் சொன்னேன். இந்தக் கல்யாணத்தை நிறுத்த வந்தவள் வாயாலேயே பெண் கேட்க வேண்டியதாயிற்று.

"அண்ணே, இவரு மாப்பிள்ளையோட தாய்மாமன். ஒன் வாசல்ல வந்து நின்னு கேக்கணுமாம், கடல் நடுவுல கெடக்கதால இங்க நின்னு கேக்காராம். ஒன் மகனுக்கு உரிய பிள்ளைய அவங்க வீட்டுக்குக் கேக்காங்க. ஒனக்குக் கோவப்பட உரிமை இருக்குன்னு சொல்லுதாரு. திட்டுறதுன்னா திட்டுங்க, கேட்டுக்கிடுதேங்காரு."

திட்டு என்றால் விடுவானா அவன்? மூன்று வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினான். என்னை, கோமதியை, செத்துப்போன என் வீட்டுக்காரரை, விமானம் கண்டுபிடித்தவனை. பெரியவர் ஒவ்வொன்றுக்கும் பயபக்தியாகத் தலையாட்டினார். காற்றில் கம்பளி படபடத்தது, மனிதர் அசையவில்லை. நடுவில் மா-துமேலோ என் காதருகே வந்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள்.

"யோசிக்கிறார்" என்றேன்.

மூச்சு வாங்க அண்ணன் நிறுத்தினான். அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தான் போல.

"ஏ ஆவுட, அவரு என்னத்துக்கு நின்னுக்கிட்டே இருக்காரு?"

"நீ சொன்னாத்தான் உக்காருவாராம்."

"கோட்டிக்காரி! வயசான மனுசன் காத்துல நிக்காரு, நீ பாத்துக்கிட்டு இருக்க? உக்காரச் சொல்லுட்டி!"

சொன்னேன். மொலேஃபி பெருமூச்சு விட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். மா-துமேலோ வாயில் கைவைத்துக்கொண்டாள். கோமதி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, பார்த்தால் பேச வராது.

"அண்ணே" என்றேன். அதற்கு மேல் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே சொன்னேன். "நல்ல மனுசங்களாத்தான் இருக்காங்க. நீ இல்லாம பேச மாட்டேன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் நான் ஒத்தையில கெடக்கேம்ணே. நீயும் பேசலேன்னா எப்படி?"

அவன் மூக்கைத் துடைத்தான், உரப்புழுதி என்றான். அப்புறம், பாஸ்போர்ட் எடுக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டான். நான் அழுதுவிட்டேன்.

"அழாத மூதி. நான் வாறேன். மாமன் இல்லாம எப்படி மால எடுத்துக் குடுப்பாங்க? ஆனா ஒண்ணு கேளு அவருட்ட. நான் வந்துட்டு ஊருக்குத் திரும்பிருவேன். அதுக்கப்புறம் அங்க நம்ம பிள்ளைக்கி யாரு இருக்கா? ஒரு நியாயம் கேக்க நாதி வேண்டாமா?"

நான் முந்தாநாள் பாறையில் உட்கார்ந்து சொன்னதையே, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனும் கேட்டான். மா-துமேலோவிடம் சொன்னேன். அவள் தன் அண்ணனிடம் சொன்னாள்.

 மொலேஃபி பெஞ்சிலிருந்து எழுந்தார். நடுவில் கிடந்த இடத்தைத் தாண்டி வந்து, எங்கள் சுவரோரப் பெஞ்சில், எனக்கும் கோமதிக்கும் நடுவே உட்கார்ந்து, கம்பளியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். இனிமேல் நான் இந்தப் பக்கத்து ஆள் என்றார். துமேலோ இவளை அழவைத்தால் என் வீட்டு வாசலுக்கு வந்து பதில் சொல்லவேண்டும், அவன் அம்மாவும்தான் என்றார். அண்ணன் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, யாரிடமும் வணங்காத அவன், இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் எழப்போனேன். மொலேஃபி என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, எதிரே இருந்த தன் சொந்தத் தங்கையைக் கடுமையாகப் பார்த்து ஏதோ சொன்னார். மா-துமேலோ அலறிக்கொண்டு எழுந்து நின்றாள். என்னவென்று கோமதியைக் கேட்டேன். அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வார்த்தையே வரவில்லை.

"நேத்து வீட்டுல அவங்க பேசி வச்ச மாடு பத்தாதாம்மா" என்றாள். "எங்க பொண்ணு படிச்ச பொண்ணு, இன்னும் ரெண்டு மாடு வைங்கன்னு சொல்லுதாரு."